எங்கே எழுதுவது: குழுவிலா, கடிதத்திலா, சொந்த வலைப்பூவிலா?

போன ஆடியில் திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு வேன் பேசினோம். பள்ளிக்கூடத்து நண்பர்கள் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸப் குழுவில், "சனிக்கிழமை காலை அஞ்சு மணி, வண்ணார்பேட்டை. யார் யார் வாறீங்க?" என்று ஒருவன் போட்டான். அதுவரை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த அம்பாசமுத்திரத்து நண்பன் தூக்கம் வந்து, "சரிவே, வாரேன்" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டான். அவன் விடைபெற்றிருக்கிறான். நாங்கள் அவனுக்கும் சேர்த்து இடம் போட்டுவிட்டோம். சனிக்கிழமை அஞ்சே முக்கால் வரை வேன் நின்றது. போன் போட்டால், "நான் எப்பவே வாரேன்னு சொன்னேன்?" என்று கொட்டாவியோடு கேட்கிறான்.

'போகிறேன்' என்று நம் ஆட்கள் வாயால் சொல்லமாட்டார்கள். கிளம்பும்போதும் 'வாரேன்'தான். நேரில் என்றால் உடம்பு வாசல் பக்கம் திரும்பும், கால் செருப்பைத் தேடும், நமக்குப் புரிந்துவிடும். எழுத்தில் செருப்பு தெரியாது.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய திருநெல்வேலி நினைவுகளை எழுதிப் பழைய மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொருவன் துபாயில் இருக்கும் என் வகுப்புத் தோழன். ஊரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது, அதே சமயம் நாளெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது என்கிறான். "எங்கே எழுதினா சரியா இருக்கும்?" வாட்ஸப் குழு, குரல் பதிவு, மின்னஞ்சல், பேஸ்புக், சொந்த வலைப்பூ என்று ஐந்திலும் நான் உருண்டிருக்கிறேன். ஆகவே பட்டதைச் சொல்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

எது பெரிய செயலி, எதில் கூட்டம் அதிகம் என்பதையெல்லாம் விட்டுவிடலாம். நான் பார்ப்பது ஐந்து.

முதலாவது, குரலின் தொனி போய்ச் சேர்கிறதா? எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு இதுதான் உயிர். 'ஏலே', 'வே', 'மூதி' எல்லாம் பாசத்திலும் வரும், கோபத்திலும் வரும். 'நல்லா இருப்பே' என்பது வாழ்த்தா வயிற்றெரிச்சலா என்பது இழுக்கிற இழுப்பில் இருக்கிறது. 'போலே' என்று அடித்தால் 'போடா' என்றும் படிக்கலாம், 'மாதிரி' என்றும் படிக்கலாம். கோயம்புத்தூரில் பெண் எடுத்த ஒரு நண்பன், மச்சானுக்கு 'என்னவே' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு, அதைச் சரிசெய்ய ஒரு தீபாவளி முழுக்க விளக்கம் சொன்னான்.

இரண்டாவது, பதில் எவ்வளவு சீக்கிரம் வேண்டும்? மூன்றாவது, மூன்று வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்குமா? நான்காவது, யார் கண்ணில் படும்? ஐந்தாவது, நமக்கு ஆகும் செலவு. ரூபாய் மட்டும் இல்லை, நேரமும், நாளைக்கு அந்த இடத்தைக் காலிசெய்ய நேர்ந்தால் எழுதியதை அள்ளிக்கொண்டு வர முடியுமா என்பதும் சேர்த்துத்தான். ஆர்குட்டில் எழுதிக் குவித்தவர்கள் நம் வயதில் எத்தனை பேர்! 2014 செப்டம்பர் 30 அன்று கடையை மூடினார்கள். எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், நம்மில் பாதிப் பேர் எடுக்கவில்லை.

வாட்ஸப் குழு

வேகத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. எல்லோர் கையிலும் இருக்கிறது, அம்மாவுக்கும் தெரியும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஒரு பெரிய கல்யாணத்தையே உள்ளே உட்கார வைத்துவிடலாம். 'இன்றைக்கு ராத்திரிக்குள் பதில் வேண்டும்' என்கிற சங்கதி எல்லாம் இங்கேதான் போக வேண்டும்.

ஆனால் இதன் குறையை 2023 டிசம்பரில்தான் நான் முழுசாகப் பார்த்தேன். 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டி ஓடியது, ஜங்ஷன் பக்கம் எல்லாம் தண்ணீர். எங்கள் குழுவில் ஒருவன், "தண்ணி பாலத்துக்கு மேல வந்துட்டு" என்று போட்டான். எந்தப் பாலம்? ஆற்றின் மேல் எங்களுக்கு எத்தனையோ பாலங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தது? அவனே பார்த்ததா, யாரோ சொன்னதா? ஒன்றும் இல்லை. அதை நாலு பேர் நாலு குழுவுக்குத் தள்ளினார்கள். மறுநாள் தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகும் அதே வரி சுற்றிச் சுற்றி வந்து, துபாய்க்காரன் போனைப் போட்டு அழுகிற குரலில் பேசினான். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாது என்று கட்டுப்பாடு இருந்தும் இந்தக் கதை.

அதே வெள்ளத்தில் இன்னொருவன் அனுப்பியதை இன்னும் வைத்திருக்கிறேன்: "18ஆம் தேதி காலை 9.10. மீனாட்சிபுரம் வீடு. தண்ணீர் இரண்டாவது படி வரை. அம்மா மாடியில், நலம். கரண்ட் இல்லை, போனில் 20 சதவீதம் சார்ஜ். மதியம் 1 மணிக்கு அடுத்த தகவல்." இதற்கு ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு அடுத்தது வந்தது. சிக்னல் நூலாக இழைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் படமும் குரலும் சுற்றிக்கொண்டே நிற்க, இந்த நாலு வரி எழுத்து மட்டும் சடக்கென்று போய்ச் சேர்ந்தது.

மறைந்திருக்கும் செலவு என்ன? ஒன்று, திருத்தம். அனுப்பிய 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேலே வரை எல்லோர் போனிலிருந்தும் அழிக்கலாம், அதற்குப் பிறகு விட்டதுதான். இரண்டு, காப்பு. ஆண்ட்ராய்டு போன் என்றால் எடுத்து வைக்கும் நகல் நம் கூகுள் கணக்கின் 15 ஜிபி இடத்தைத்தான் தின்னும். ஜிமெயிலும் புகைப்படங்களும் அதே 15-க்குள்தான். இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோது நான் காப்பை நிறுத்தி வைத்தேன். அப்புறம் ஒரு தை மாசம் குறுக்குத்துறை படித்துறையில் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து போன் ஆற்றுக்குள் போயிற்று. எட்டு வருஷத்துப் பேச்சு. முருகனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது செலவைப் பணமாகச் சொல்ல முடியாது. குழுவில் நீளமாக எழுதினால், நடுவில் ஒருவன் காலை வணக்கம் ரோஜாப்பூவை வைப்பான். நாம் எழுதியது பத்து நிமிஷத்தில் மேலே போய்விடும்.

குரல் பதிவு

தொனிக்கு இதுதான் முதல் மார்க். 'ஏலே' என்று சொன்னால் சிரிப்போடு போய்ச் சேரும். தமிழில் அடிக்க வராத பெரியவர்களுக்கு வரப்பிரசாதம். என் பெரியம்மை அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குத் தினமும் இரண்டு நிமிஷம் பேசி அனுப்புகிறாள். அதில் பாதி இருமல், பாதி பக்கத்து வீட்டுக் கதை. அந்தப் பேத்திக்கு அதுதான் ஊர்.

நண்பர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் யோசிப்பேன். பேசுகிறவனுக்கு மிச்சமாகும் நேரத்தைக் கேட்கிறவன் கட்டுகிறான். ஆறு நிமிஷப் பதிவில் தேவையான தகவல் நாலாவது நிமிஷத்தில் இருக்கும். வேகத்தைக் கூட்டிக் கேட்கலாம், ஆனால் நம் ஆட்கள் ஏற்கனவே அந்த வேகத்தில்தான் பேசுகிறார்கள். பிறகு தேடினால் கிடைக்காது. ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் ஒரு தடவை போனைக் காதில் வைக்காமல் அமுக்கிவிட்டேன். நண்பன் ஒருவன் தன் கடன்காரனைப் பற்றிப் பேசியது முழு சத்தத்தில் ஓடியது. முன் சீட்டு அண்ணாச்சி திரும்பி, "எந்த ஊரு பார்ட்டி?" என்று அக்கறையாக விசாரித்தார்.

மனசு சரியில்லாத நண்பனுக்கு, மன்னிப்புக் கேட்க, பிறந்தநாளுக்கு: குரல். தேதி, தொகை, முகவரி இருந்தால் எழுத்து.

மின்னஞ்சல் கடிதம்

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கு இப்போது ரொம்பப் பிடித்தது இதுதான்.

வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நடந்த வட்டத்தொட்டி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நண்பர்கள் கூடிக் கம்பனைப் பேசி ரசித்த இடம். அங்கே பேசியதில் பெரும்பகுதி கேட்டவர்களோடு போயிற்று. அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் அச்சாகி இன்றைக்கும் நம் கையில் இருக்கின்றன. பேச்சு மாதிரியே ஓடும் நடை, ஆனால் எழுதியது.

கடிதத்துக்கு ஒரு குணம் உண்டு. 'அன்புள்ள' என்று ஆரம்பித்தவுடன் ஆள் நிதானமாகிவிடுகிறான். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிவதால், 'வே' போடலாமா கூடாதா என்பதும் தெரிகிறது. உடனே பதில் வேண்டும் என்ற அவசரம் இரண்டு பக்கமும் இல்லை. தேடினால் பத்து வருஷத்துக் கடிதமும் நொடியில் வரும்.

குறைகள் உண்டு. பாதி நண்பர்கள் மின்னஞ்சலை வங்கிக்காரன் தகவல் அனுப்பும் பெட்டியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அனுப்பிவிட்டு, 'மெயில் பாரு' என்று வாட்ஸப்பில் ஒரு வரி போட வேண்டியிருக்கிறது. இருபது பேருக்கு அனுப்பும்போது முகவரிகளை மறைவு நகல் (Bcc) கட்டத்தில் போடாவிட்டால், எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் போகும். அப்புறம் ஒருவன் 'சூப்பர்' என்று அனைவருக்கும் பதில் எழுதுவான், என்னுடையதோடு சேர்த்து இருபது போன் அதிரும். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான், ஆகவே படங்களைக் குறைத்து அனுப்புங்கள். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கை அழித்துவிடலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. கணக்கை எப்போதாவது திறந்து பார்ப்பது நல்லது.

பேஸ்புக்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் மனசு ஒட்டவில்லை. புது ஆட்களின் கண்ணில் பட இதுதான் வசதி, பழைய நண்பனைத் தேடிப் பிடிக்கவும் உதவும். ஆனால் நம் நண்பர் பட்டியலில் சம்பந்தி வீட்டாரும், மேலாளரும், சீட்டு பிடிக்கிறவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தளம் போட்ட சந்தோஷத்தை எழுதினால், மறுநாள் இரண்டு பேர் கைமாத்து கேட்பார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. அதை நாம் பார்ப்பதில்லை, நம் தப்புதான். எழுதியது எந்த நண்பனுக்குக் காட்டப்படும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை என்பது இன்னொன்று. கோயில் கொடை, புத்தக வெளியீடு, காணாமல் போன நாய்க்குட்டி என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டியதற்கு இது சரி.

சொந்த வலைப்பூ

நான் எழுத வந்த காலத்தில் எங்களுக்குப் 'பதிவர்' என்று பெயர். தமிழ்மணம் மாதிரித் திரட்டிகள் இருந்தன, புதுசாக எழுதியது அங்கே தெரியும், கூட்டம் தானாக வரும். அந்தக் காலம் போய்விட்டது. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். பிளாகரிலிருந்து புதுப் பதிவு தானாக மின்னஞ்சலில் போகும் வசதியையும் 2021-இல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு வலைப்பூ என்பது ஊருக்குள் கட்டிய வீடு இல்லை, தோட்டத்துக்குள் கட்டிய வீடு. வழி நாமேதான் காட்ட வேண்டும். சுட்டியை எடுத்துக் குழுவில் போடாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

அப்படியும் ஏன் வைத்திருக்கிறேன்? எழுதியது வரிசையாக, தேதியோடு, என் பெயரில் நிற்கிறது. தப்பு இருந்தால் ஐந்து வருஷம் கழித்தும் திருத்தலாம். எதைத் தேடினாலும் கிடைக்கிறது. மொத்தத்தையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் பார்க்க வேண்டாம் என்றால், பிளாகரில் அழைத்தவர்கள் மட்டும் வாசிக்கும்படி பூட்டலாம், நூறு பேர் வரை. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பதிவுக்கு மட்டும் கடவுச்சொல் போடலாம்.

செலவுக் கணக்கு: பிளாகர் இலவசம். 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது, இன்னும் ஓடுகிறது. வேர்ட்பிரஸ் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் வரும். முதல் வருஷம் தள்ளுபடியில் கொடுப்பார்கள், புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் ஒரு தடவை கோட்டை விட்டேன். நினைவூட்டல் நான் திறக்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர் கைமாறி, என் பெயரைத் தட்டினால் ஏதோ சூதாட்டப் பக்கம் வந்தது. பெரியப்பா பார்த்துவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசியிருக்கிறார்.

பெரிய செலவு நேரம். ஒரு பதிவுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆரம்பத்தில் எழுத்துரு, பின்னணி நிறம், பக்கப்பட்டை என்று வீடு வெள்ளையடித்தே ஆறு மாசம் போயிற்று. எழுதியவை மூன்று. பதில் வராது என்பதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். படித்தவன் நேரில் பார்க்கும்போது, "எழுதியிருந்தியே, நல்லா இருந்துச்சு" என்பான். அதுதான் பின்னூட்டம்.

ஒரே பார்வையில்

| வழி | தொனி | பதில் வேகம் | பிறகு தேடினால் | யார் பார்ப்பார்கள் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| வாட்ஸப் குழு | சுமார் | உடனே | கஷ்டம் | குழுவும், அது தள்ளிவிடும் இடமெல்லாம் | கவனச் சிதறல், காப்பு இடம் |
| குரல் பதிவு | நன்று | அன்றைக்கே | கிடைக்காது | பெற்றவரும் பஸ்ஸும் | கேட்பவர் நேரம் |
| மின்னஞ்சல் | நன்று, நிதானம் | சில நாள் | எளிது | நாம் தேர்ந்தவர்கள் | 'மெயில் பாரு' என்று சொல்வது |
| பேஸ்புக் | சுமார் | ஏறுக்குமாறு | சிரமம் | யாரென்று சொல்ல முடியாது | சொந்தக்காரர்கள் |
| வலைப்பூ | எழுதுகிறவர் கையில் | எப்போதாவது | மிக எளிது | பூட்டினால் அழைத்தவர்கள், இல்லாவிட்டால் உலகம் | நேரம், பெயர் புதுப்பிப்பு |

எழுத்து அடிப்பது பற்றி ஒரு வார்த்தை

எந்த வழியை எடுத்தாலும் தமிழைத் தமிழ் எழுத்தில் அடியுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் பாலமும் பழமும் பலமும் ஒன்றாகிவிடுகின்றன. வெள்ள நேரத்தில் அது விளையாட்டில்லை. போனில் செல்லினம், ஜிபோர்டு எதையாவது வைத்துக்கொள்ளலாம். கணினி என்றால் தமிழ்நாடு அரசு 1999-இல் அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்வது லாபம், இரண்டு வாரம் விரல் வலிக்கும், பிறகு பறக்கலாம். பேசினால் எழுத்தாகும் வசதியும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஊர்ப்பெயரையும், 'முடியும்', 'முடியாது' மாதிரி இடங்களையும் ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

யாருக்கு எது

துபாய்க்காரனுக்கு நான் சொன்னது: குழுவை வாய்மூட வைத்துவிடு, வெள்ளிக்கிழமை ஒரு தடவை மட்டும் பார். உனக்கு நெருக்கமான ஆறு பேருக்கு மாசம் ஒரு கடிதம் எழுது. அம்மாவுக்குக் குரல். அவசரம் என்றால் போன் போடுவார்கள், அதற்குக் குழு வேண்டாம். வலைப்பூ அவனுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். எழுத வேண்டும் என்ற அரிப்பு அவனுக்கு இல்லை, நண்பர்களை விடக் கூடாது என்ற தவிப்புதான் இருக்கிறது. இரண்டும் வேறு.

ஆசிரியர் சாரவாளுக்கு அந்த அரிப்பு நிறைய இருக்கிறது, முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை. அவருக்குப் பூட்டிய வலைப்பூதான் பொருத்தம், சொந்த முகவரியெல்லாம் இப்போது வேண்டாம் என்றேன். நேரே வலைப்பூவில் குதிக்காமல், முதல் ஐந்தாறை மின்னஞ்சலில் எழுதி, யார் யார் பதில் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிறகு அவற்றையே அங்கே ஏற்றலாம் என்பது என் யோசனை. வாசகர் யாரென்று தெரிந்து எழுதினால் நடை தானாகத் தெளியும். படிக்கிறவர் ஒருவரும் தெரியாமல் எழுதிய என் முதல் பதிவுகளை இப்போது படித்தால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது.

இன்னும் வேலை பார்க்கிறவர்கள், அலுவலக சங்கதியை எழுத நினைக்கிறவர்கள் பூட்டிய இடத்திலும் ஆள் பெயரைப் போடாதீர்கள். திரையைப் படம் பிடிக்க இரண்டு பொத்தான் போதும்.

சாரவாள் போன வாரம் தொடங்கிவிட்டார். ஈரடுக்கு மேம்பாலம் வருவதற்கு முன்னால் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த கதை. கேட் அடைத்திருக்கிறது, மாட்டுவண்டி வரிசை, வண்டிக்காரர் ஒருவர் இறங்கிப் பீடி பற்ற வைக்கிறார், கடிதம் அங்கேயே நின்றுவிட்டது. கை பட்டு அனுப்பிவிட்டாராம். அடுத்து ஒரு வரி வந்தது: "மீதி ஞாயிற்றுக்கிழமை. ரயில் இன்னும் வரவில்லை."